திருஷ்டிப் பூசணிச் சாம்பார்

கவிப்பிரியாவைப் பற்றிக் குறை சொல்ல உலகநாதன் கியர் ஒர்க்ஸில் ஒரு ஆள் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டின் உள்தெரு ஒன்றில் இருக்கும் அந்தப் பட்டறையில் ஸ்டோரும் கணக்கும் அவள் பொறுப்பு. யார் வந்து யாரைப் பற்றிப் புலம்பினாலும், "ஆமாங்க, நானும் கவனிச்சேன்" என்பாள். புலம்புகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டோர் ஜன்னலில் ரேஷன் கடை போல ஆள் நிற்கும். முதலாளியைப் பற்றி மெஷின் ஓட்டும் தேவா புலம்பிவிட்டுப் போவான். தேவாவைப் பற்றிப் புலம்ப முதலாளியே வருவார். இருவருக்கும் அதே சிரிப்பு, அதே "ஆமாங்க".

இதற்காக அவளைக் கெட்டவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கியவள். தெரியாத ஊரில் நாலு பேருக்குப் பிடித்தவளாக இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். இனிப்பாகப் பேசினாள், இடம் கிடைத்தது, அதையே பிடித்துக்கொண்டாள்.

அத்தனை பேரிலும் அவளுக்கென்று நிஜமாக இருந்தது அஞ்சலை மட்டும்தான். பட்டறையைப் பெருக்கித் துடைப்பது, டீ போடுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அஞ்சலை. மண்ணூர்பேட்டைக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும், குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும். கவிப்பிரியாவுக்கு ஃபிளாட் பிடித்துக் கொடுத்தது அவள்தான். வீட்டுக்காரர் முறைத்தபோது போய் நின்று பேசியதும் அவள்தான். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து கவிப்பிரியா படுத்துவிட்டபோது, வேலை முடிந்து பஸ் பிடித்துக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். "அக்கா, அக்கா" என்று கவிப்பிரியா அவளைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

ஆயுத பூஜை அன்று பட்டறைக்குத் தனி அழகு வந்துவிடும். வருஷம் முழுக்க எண்ணெய் வழியும் மெஷின்கள் அன்றைக்குத்தான் குளிக்கும். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி, சுண்டல், சாமந்திச் சரம் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் பூசணிக்காய் சுற்றுவது. அது அஞ்சலையின் வேலை. முதலாளி உலகநாதனின் அப்பா காலத்திலிருந்தே அவள்தான் சுற்றுகிறாள். கைராசி என்று பெயர்.

எல்லாரையும் மெஷின்களுக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்தாள். பூசணியின் தலையில் சூடம் ஏற்றினாள்.

"ஊர் கண்ணு, ஒறவு கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளக் கண்ணு, பாத்தவன் கண்ணு போவட்டும். பேசுன பேச்சு, பொறணி பேச்சு, முதுகுக்குப் பின்னால சொன்ன சொல்லு அத்தினியும் இந்தக் காயில ஏறட்டும். ஏறி, ஒடஞ்சு, தெருவோட போவட்டும்."

சுற்றி முடித்துக் காயை வாசலோரம் வைத்தாள். "தேவா, ஒரு ஓட்ட போட்டு குங்குமத்தக் கொட்டி ரோட்டுல ஒடச்சிடு. நான் ஊட்டுக்குப் போயி வெளக்கேத்திட்டு சாயங்காலமா வந்து பாத்திரம் தேய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். நவராத்திரி விரதம், அவள் வெளியில் சாப்பிட மாட்டாள்.

தேவாவுக்கு எங்கே கை ஒழிந்தது? சி.என்.சி. ஆபரேட்டர்தான் என்றாலும், ரூமில் தனியாகப் பொங்கித் தின்று பழகியவன் என்பதால் அன்றைக்குச் சமையல் அவன் தலையில். கொல்லைப்புறத்தில் பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. காய்தான் போதவில்லை. நாலு முருங்கைக்காயையும் கொஞ்சம் கத்தரிக்காயையும் வைத்துக்கொண்டு இத்தனை பேருக்கு என்ன செய்வது என்று கரண்டியோடு விழித்துக்கொண்டு நின்றான்.

கவிப்பிரியாவின் கண் வாசலுக்குப் போனது. வெள்ளைப் பூசணி, நல்ல முற்றல், தட்டினால் கிண் என்று சத்தம் வருகிறது. அவள் வீட்டில் கொத்தமல்லிக் காம்பைக்கூடத் தூக்கிப் போட மாட்டார்கள். தூக்கிக்கொண்டு போய், தலையில் இருந்த சூடக் கரியைத் தேய்த்துக் கழுவி, தேவாவின் முன்னால் வைத்தாள்.

"இது சுத்துன காயாச்சே" என்றான் தேவா.

"சுத்துனா என்ன, காய் காய்தானே. இந்தக் கொதியில எந்த திருஷ்டி தாங்கும் சொல்லுங்க?"

படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தேவா கத்தியை எடுத்தான். சாம்பார் அமிர்தமாக வந்தது. எல்லாரும் இரண்டாம் தரம் வாங்கினார்கள். முதலாளி உலகநாதன் மூன்றாம் தரம் வாங்கி, கடைசியில் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார்.

சாப்பாடு முடிந்து ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கும் நேரம். உலகநாதன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் பாக்ஸைக் கையில் எடுத்தார். தேவாவைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார். இந்த வருஷம் நீதான் நம்ம பட்டறைக்குத் தூண் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் திட்டம். வாயைத் திறந்தார்.

"இவன் அந்தப் பக்கம் போனதும் இன்சர்ட்டையெல்லாம் ஒருதரம் சரிபார்த்து வைம்மா. ஆளு மூஞ்சியே சரியில்ல."

உலகநாதன் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். லேத்தில் பொருத்தும் அந்தச் சின்ன வெட்டுமுனைகள் காணாமல் போவது உண்மைதான். அதற்காக நல்ல நாளில் எல்லார் முன்னாலும் இப்படியா?

தேவாவின் முகம் சிவந்தது. "சார், என்னா சார்" என்று கேட்கத்தான் அவனும் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"நம்ம மொதலாளி ரூம்ல ஏசி மட்டும்தான் வேல செய்து. உள்ள கீறவரு சும்மா குந்திகினு கீறாரு."

இருவருக்கும் நடுவில் ஹாஜா மொய்தீன் பாய் வந்தார். பூந்தமல்லிக்காரர், பட்டறையிலேயே மூத்த டர்னர். தாடியைத் தடவிக்கொண்டே சமாதானம் பேசுவதில் அவரை மிஞ்ச முடியாது. முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு கனிவாக ஆரம்பித்தார்.

"இவரு அப்பா இருந்தப்போ இது ஒர்க் ஷாப்பு. இவரு கையில இனிமே கல்யாண மண்டபமா வாடகைக்கு உடத்தான் லாயக்கு."

"பாய்" என்று உலகநாதன் அதிர்ந்து போய்க் கூப்பிட நினைத்தார். "இந்த ஆளு ரிட்டையர் ஆனா நிம்மதி. ஆனா கியர் பல்லு வெட்டுற அந்தப் பழைய ஹாபிங் மெஷின் இவரத் தவிர யாருக்கும் அடங்க மாட்டேங்குதே" என்று அவர் வாய் பேசியது.

யாரோ ஒருவன் பின்னால் களுக்கென்று சிரித்தான். அவன் பக்கத்தில் நின்றவன் "ஏன்டா சிரிக்கிற" என்று கேட்கப் போய், அவனைப் பற்றி டீக்கடையில் சொன்னதை அவன் முகத்துக்கே சொல்லிவைத்தான். பிறகு பட்டறை முழுவதும் பற்றிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ஒருவனிடம் ஒரு தரம் கொட்டித் தீர்த்துவிட்டால், அவனிடம் அதற்கப்புறம் வாய் ஒழுங்காகப் பேசியது. இரண்டு பேர் மாறி மாறித் திட்டிக்கொண்டு, அடுத்த நிமிஷம் "நான் வேணும்னு சொல்லல மச்சான்" என்று ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

ஹாஜா பாய்தான் முதலில் பிடித்தார். "அந்தக் காயி" என்றார் மெதுவாக. "அஞ்சலை அதுல ஏத்துனது அத்தினியும் தெருவோட போவாம நம்ம வயித்துல வந்து ஒக்காந்துகினு கீது. அவங்கவங்க சொன்னது அவங்கவங்க வாய்க்கே வருது. அதுலயும் பாத்தியா, எது அந்த ஆளு காதுல உழவே கூடாதுன்னு நெனச்சமோ, கரெக்டா அதான் வருது."

கவிப்பிரியா சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றாள். வந்து விழுந்த வசனங்களில் முக்கால்வாசி ஸ்டோர் ஜன்னலில் அவள் காதில் ரகசியமாகப் போட்டவை. இன்சர்ட், ஏசி, கல்யாண மண்டபம், ரிட்டையர்மென்ட், எல்லாமே. மற்றவர்களுக்கும் அது உறைத்துவிட்டது போலும். ஒவ்வொரு தலையாக அவள் பக்கம் திரும்பியது.

"கவி, நீ ஒண்ணும் சொல்லலியா?" என்றான் தேவா.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம். பழக்க தோஷம், சிரித்துக்கொண்டே வாயைத் திறந்துவிட்டாள். "ஆமா சார், தேவா வர்றது தெரிஞ்சாலே நான் ஸ்டோரைப் பூட்டிடுவேன்."

பதறிப்போய் முதலாளி பக்கம் திரும்பினாள். "ஆமா பாய், அவங்க அப்பா எங்க, இவர் எங்க."

அங்கிருந்து ஹாஜா பாயிடம். "பாய் கதை சொல்ல ஆரம்பிச்சா, போன் வந்த மாதிரி காதுல வெச்சிக்குவேன் தேவா. இல்லாட்டி விட மாட்டார்."

தேவா வாய்விட்டுச் சிரித்துவிட்டான். முதலாளிகூட "நல்லா கேட்டுக்கங்க பாய்" என்றார். ஹாஜா பாய் மட்டும் சிரிக்கவில்லை. "அது ஒங்க அம்மா போனுன்னு நெனச்சேனே புள்ள. பேசும்மா பேசும்மான்னு நானே நவுந்து போவேனே" என்றார். கவிப்பிரியாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இப்போது வாய் அவள் வசத்தில்தான் இருந்தது. இருந்தும் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உட்கார்ந்த பிறகுதான் இடி விழுந்தது. சாயங்காலம் அஞ்சலை அக்கா வருவாள்.

அவளைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கிறோமா என்று யோசிக்கவே தேவையில்லை. சொன்னது, சொன்ன இடம், சொன்னபோது சிரித்த சிரிப்பு எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது. டெங்கு சமயம். ஃபிளாட்டில் கூட இருப்பவள் கிருஷ்ணப்பிரியா, ஐ.டி. கம்பெனியில் வேலை, எதையும் புருவத்தைத் தூக்கித்தான் கேட்பாள். அஞ்சலை கஞ்சித் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, "யாருடி இது, தினமும் வந்து பெல் அடிக்குது" என்று கேட்டாள். என் அக்கா மாதிரி என்று சொல்லியிருக்கலாம். பட்டறையில் பெருக்குகிறவளை அக்கா என்று சொல்ல அந்தப் புருவத்துக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. கவிப்பிரியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னாள்.

அந்த வாக்கியம் இப்போது தொண்டையில் வந்து உட்கார்ந்திருந்தது. அஞ்சலையின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தால் போதும், வெளியே வந்துவிடும்.

பையை எடுத்துக்கொண்டு பின்கேட் வழியாகப் போய்விடலாமா என்று பார்த்தாள். போய்விட்டால்? நாளைக்கு லீவு. நாளன்றைக்கு வந்துதானே ஆக வேண்டும். வேலையை விட்டுவிடலாம், ஃபிளாட்டை மாற்றிக்கொள்ளலாம், அஞ்சலை இல்லாத ஒரு அம்பத்தூரில் இருந்துகொள்ளலாம். நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்தது. இந்த ஊரில் தனக்கு ஜுரம் என்றால் பஸ் ஏறி வருகிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான், அதையும் தொலைத்துவிடப் போகிறோம் என்ற பயம் அவளை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அஞ்சலை வந்தபோது பட்டறை வாசலிலேயே கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. முதலாளிக்குத்தான் அவசரம் அதிகம். மாங்காட்டிலிருந்து அவருடைய மாமியார் பூஜைப் பிரசாதம் வாங்கக் காரில் வந்துகொண்டிருந்தார். "குமணன்சாவடி தாண்டிட்டோம் மாப்ள" என்று வாய்ஸ் மெசேஜ் வேறு வந்துவிட்டது. மாமியாரைப் பற்றி அவர் எத்தனை வருஷமாக, எத்தனை பேரிடம், என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாரோ. அஞ்சலையின் முன்னால் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றார்.

"அஞ்சலை டீ போட்டா, குடிக்கிறதா கை கழுவுறதான்னே தெரியல" என்றார்.

அஞ்சலை இடுப்பில் கை வைத்தாள். "நாளன்னிலேந்து நீயே போட்டுக்க நைனா. இன்னா ஆச்சு ஒனக்கு?"

கொட்டித் தீர்ந்ததால் அவருக்கு வாய் திரும்பியிருந்தது. அவசர அவசரமாக நடந்ததைச் சொன்னார். கேட்கக் கேட்க அஞ்சலையின் கண் விரிந்தது.

"திருஷ்டி காயத் தின்னீங்களா? ஊரே பேசுன அழுக்க வாரி அதுல ஏத்தி வெச்சா, அத்த பருப்பு போட்டு தாளிச்சுத் தின்னீங்களா? இன்னா ஜென்மங்கபா நீங்க." திட்டி முடித்துவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வேற காயி வாங்கிகினு வா. சுத்தி ஒடச்சா எறங்கிடும்."

தேவா அதற்குள் பாடி மேம்பாலத்துப் பக்கம் பைக்கில் போய் ஒரு காயை வாங்கிவந்து தயாராக வைத்திருந்தான்.

"ஆமா, யாரு வேல இது? யாரு தூக்கியாந்து சாம்பார்ல போட்டது?"

எல்லார் கண்ணும் ஸ்டோர் கதவைப் பார்த்தது.

"கவியா? அது எங்க, நான் வந்து எம்மா நேரமாச்சு, இன்னும் அக்கான்னு வந்து நிக்கலியே" என்று அஞ்சலை போய்க் கதவைத் தட்டினாள். கவிப்பிரியா திறந்தாள். கைக்குட்டை வாயில் இருந்தது, கண் தரையில் இருந்தது. போனில் ஏதோ தட்டி அவள் முன்னால் நீட்டினாள். 'மன்னிச்சிடுங்க அக்கா, சுத்திப் போட்டுடுங்க' என்று இருந்தது.

அஞ்சலை அதைப் படித்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது. ஆள் ஒன்றும் குழந்தை இல்லை. முதலாளியே தன்னிடம் வாயைத் திறந்து டீயைப் பற்றி உளறிவிட்டு நிற்கிறார், இவள் மட்டும் பொத்திக்கொண்டு நிற்கிறாள் என்றால் உள்ளே இருப்பது டீ விஷயம் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா?

"போனெல்லாம் எனக்கு வேணாம். காயப் போட்டவ வாயத் தொறந்து கேக்கட்டும். கேட்டா சுத்துறேன்."

"அஞ்சலை, மாமியார் மதுரவாயல் தாண்டிட்டாங்க" என்றார் உலகநாதன் பின்னாலிருந்து.

"வரட்டும். நல்லா காத்தோட்டமா ஒக்காரச் சொல்லு."

கவிப்பிரியா அவளை உள்ளே வரச்சொல்லிக் கை காட்டினாள். கதவைச் சாத்தினாள். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். கைக்குட்டையை எடுத்தாள். முதலில் மன்னிப்புக் கேட்டுவிடலாம், அதை எப்படியாவது முந்திக்கொண்டு தள்ளிவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு உதட்டில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதே இளக்காரத்தோடு குரலும் வந்தது.

"இதுவா? எங்க கம்பெனியில பெருக்குறது. சும்மா அக்கா அக்கான்னு கூப்பிட்டாப் போதும், சம்பளமில்லாத வேலைக்காரி மாதிரி ஓடி வரும்."

சொல்லி முடித்ததும் சிரிப்பு உதிர்ந்தது. கண்ணீர் மட்டும் மிஞ்சியது. அஞ்சலை கதவைத் திறந்துகொண்டு விறுவிறுவென்று கொல்லைப்புறம் போனாள்.

போய்விட்டாள், அவ்வளவுதான் என்று கவிப்பிரியா நினைத்தாள். ஆனால் அஞ்சலை திரும்பி வந்தாள். கையில் சாம்பார் அண்டாவின் அடியில் இருந்து வழித்த ஒரு கிண்ணம், அதில் ஆறிப்போன பூசணித் துண்டு ஒன்று.

"எனக்கும் வாயி கீது. நான் மட்டும் ஒன்னப் பத்தி ஊர்ல பேசாமலா இருந்திருப்பேன்? நீ சொன்னத நான் கேட்டேன்ல. நான் சொன்னத நீயும் கேளு." விரதம் என்றுகூடப் பார்க்கவில்லை. துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி நின்றாள்.

கவிப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். அஞ்சலையின் வாய் பொல்லாதது. வரட்டும், என்ன வந்தாலும் தகும் என்று நின்றாள். மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் பூக்காரியிடம் என்றைக்கோ பேசிய பேச்சு அஞ்சலையின் வாயிலிருந்து கிளம்பியது.

"அந்தக் கவி பொண்ணு கீதே, சரியான பசப்பி. கஞ்சி எடுத்துகினு போனா வாசல்லயே வாங்கிக்கும். உள்ள வா, ஒக்காருன்னு ஒரு வார்த்த வராது. எனக்கு இன்னா, தெரியாமலா கீது?" அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அஞ்சலையே தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் வாய் நிற்கவில்லை. குரல் இறங்கிவிட்டது. "அது என்னய வேலக்காரியா நெனச்சிகினு கீது. நான் அத்த என் கூடப் பொறந்ததா நெனச்சிகினு கீறேன். எங்க ரெண்டு பேர்ல யாரு பைத்தியம்னு தெரியல பூக்காரம்மா."

அஞ்சலை சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். எது வரும் என்று ஹாஜா பாய் போட்ட கணக்கை யாரும் அவளிடம் சொல்லவில்லை. எது அடுத்தவர் காதில் விழவே கூடாது என்று வைத்திருந்தாளோ அதுதான் வந்துவிட்டது. பழிவாங்க வந்த இடத்தில் தானே அம்பலமாகி நின்றாள்.

கவிப்பிரியாவின் வாய் இப்போது சுத்தமாக இருந்தது. எத்தனையோ 'தேங்க்ஸ்' சொன்ன வாய், எத்தனையோ 'ஆமாங்க' சொன்ன வாய். அதில் பழைய சரக்கு ஒன்றும் மிச்சமில்லை.

"நான்தான்" என்றாள். "நான்தான் பைத்தியம்."

"இப்பத் தெரிஞ்சுதா" என்றாள் அஞ்சலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைப் பழையபடி ஏற்றிக்கொண்டாள். "இத்த கேட்டுக்க. இனிமே என்னய அக்கான்னு கூப்டாத. அஞ்சலைன்னு பேரு கீது, அத்தச் சொல்லு. அக்கான்னு என்னிக்கு ஒனக்கு நெஜமாத் தோணுதோ அன்னிக்குக் கூப்டுக்க. அது வரைக்கும் வாணாம்."

கவிப்பிரியா தலையசைத்தாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வெளியே எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அஞ்சலை அவர்கள் எல்லாரையும் சேர்த்துச் சூடம் ஏற்றிய காயைச் சுற்றினாள், கடைசியில் தன் தலையையும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். குங்குமத்தைக் கொட்டி, இந்தத் தடவை யார் கையிலும் கொடுக்காமல், தானே கேட்டுக்கு வெளியே தெருவில் ஓங்கிப் போட்டு உடைத்தாள். காய் சிதறியது. சிதறி முடிவதற்குள் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. உலகநாதன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "வாங்க வாங்க அத்தை, உங்களைத்தான் நெனச்சிட்டே இருந்தேன்" என்றார். தேவா முதலாளியைப் பார்த்து, "சாருக்கு மனசு தங்கம்" என்றான். பட்டறை பழைய நிலைக்கு வந்துவிட்டது.

அஞ்சலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். சுற்றிப் போட்டு உடைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவளும் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்குப் போகும் தெருவில் நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.

கவிப்பிரியா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா என்று கூப்பிட வாய் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். இது பழக்கத்தில் வருகிறதா, உள்ளிருந்து வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாதவரைக்கும் சொல்வதாக இல்லை.

"அஞ்சலை" என்றாள். வயதில் மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசியது. "நில்லுங்க. நானும் வரேன்."

அஞ்சலை நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

"ஓடியாராத" என்றாள் முன்னால் பார்த்தபடியே. "தெருவெல்லாம் காயி கெடக்குது. வழுக்கும்."